எந்த ரூமில் வேலை?

தாயில்பட்டி
9.6.2024

அன்புத் தங்கை நாகஜோதிக்கு, அக்கா சின்னத்தாய் எழுதிக்கொண்டது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் பால்பாண்டித் தம்பியும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிற என் மகள் வேல்விழியும் நலமா? உன் காதுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஹெல்ப்லைனில் உட்கார்ந்து ஊரார் கஷ்டத்தைக் கேட்கிற காது, வலிக்கத்தான் செய்யும்.

ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் அக்கா கடிதம் போடுகிறாளே என்று சிரித்திருப்பாய். போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அக்கா, கத்துறத நிப்பாட்டுனதும் கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தாயே, அன்றைக்கே மாரியம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டேன். இனி உன்னோடு போனில் பேச்சு இல்லை. கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. கடைசி வரி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக் குருவம்மாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "ஏத்தா சின்னத்தாயி, ஒம் மக முடியக் கத்தரிச்சுட்டா போல. நல்லாத்தான் இருக்கு." வாட்ஸ்அப்பில் என் மகள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி தோளோடு நிற்கிறது. நான் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்து வளர்த்த முடி. "ஆமா, எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வெட்டுனா" என்று குருவம்மாளிடம் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால், பின்னால் கண்ணாடியில் நீ நிற்கிறாய். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

வேல்விழி ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசினால், சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, வச்சிரட்டுமா. அவ்வளவுதான். உன்னோடு அடுப்படியில் உட்கார்ந்தால் பேச்சு முடிவதே இல்லையாம். தம்பியே சொன்னார். அவள் அப்பா போன பிறகு எனக்கு இருக்கிறது அவள் ஒருத்தி. எனக்கு வயிறு எரிகிறது நாகு. பெற்றவளிடம் சொல்ல ஒன்றுமில்லாதவள் உன்னிடம் அப்படி என்னத்தைத்தான் பேசுகிறாள்? பதில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேல் கோபமாகவும் பாசமாகவும் இருக்கிற அக்கா,
சின்னத்தாய்


கோயம்புத்தூர்
21.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாகஜோதியின் வணக்கம். இங்கே மூவரும் நலம். காதுவலிக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், தேவலை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இருமல் இருக்கிறதா?

கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். முடி விஷயம் அவளே எடுத்த முடிவு. லேபில் தொப்பிக்குள் அடங்கவில்லை என்றாள். பார்லருக்குத் துணைக்கு வரச் சொன்னாள், போனேன். அன்றைக்கு உன்னிடம் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

என்ன பேசுகிறோம் என்று கேட்டிருக்கிறாய். காலேஜ், பஸ், ரசம் உப்பு, இப்படித்தான். வயிறு எரிந்தால் மோர் குடி அக்கா.

இன்னொன்று கேட்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் இப்போது எந்த ரூமில் வேலை? பேக்கிங்தானா, வேறு எங்கேயும் மாற்றியிருக்கிறார்களா? மறக்காமல் எழுது.

எல்லாருடைய அன்போடும்,
நாகஜோதி


தாயில்பட்டி
2.7.2024

அன்புத் தங்கைக்கு, அக்கா எழுதியது. நலம். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இருமல் எல்லாருக்கும் இருக்கிறது. சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

மோர் குடிக்கச் சொல்கிறாய். நக்கல். ரசத்தில் உப்பைப் பற்றி யாராவது மணிக்கணக்காகப் பேசுவார்களா? உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலேயே மாங்காய் திருடினால் உன் முகத்தைப் பார்த்துத்தான் நம்மைப் பிடிப்பார்கள்.

அப்புறம், எந்த ரூமில் வேலை என்று எதற்குக் கேட்கிறாய்? நீ ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறாய், நான் தகர ஷெட்டுக்குள் வேர்க்கிறேன், அதைச் சொல்லிக் காட்டவா? நாலு சுவர் இருக்கிற ரூமில்தான் வேலை. போதுமா?

இங்கே நேற்று ஒரு கூத்து. பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற ரூமுக்குப் புதிதாக ஒரு போர்மேன் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாகப் பின்னாலிருந்து, "ஏ சின்னத்தாயி!" என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் விடவில்லை. "சார், இங்கன ஆளப் பின்னால நின்னு கூப்பிடப்படாது. முன்னால வந்து நில்லுங்க. கையில இருக்கிறத நாங்க கீழ வச்சப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டேன். கை அதிர்ந்தால் மருந்து பற்றிக்கொள்ளும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மனுசன் முகம் சுருங்கிவிட்டது.

சரி, கேட்டதற்குப் பதில் சொல். அவள் யாரையாவது விரும்புகிறாளா? படிப்பில் தவறிவிட்டாளா? என்னவென்றாலும் எனக்கு மட்டும் எழுது. நீ சொன்னதாகக் காட்டிக்கொள்ளவே மாட்டேன். இரண்டாம் பேருக்குத் தெரியாது.

பதிலுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிற அக்கா,
சின்னத்தாய்


கோயம்புத்தூர்
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாகஜோதி எழுதுவது. எல்லாரும் நலம். உன் நலம் வேண்டுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ நினைக்கிற மாதிரி காதலும் இல்லை, தோல்வியும் இல்லை. அதை மட்டும் நம்பு. மற்றதை நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் பேருக்குத் தெரியாது என்கிறாய். அவள் என்னை நம்பிச் சொன்னதை நான் உன்னிடம் சொன்னால், நீதான் அக்கா அந்த இரண்டாம் பேர். இன்றைக்கு அவள் பேச்சை உன்னிடம் விற்றால், நாளைக்கு அவளுக்கு நானும் இல்லை, நீயும் இல்லை.

கோபப்படுவாய் என்று தெரியும். அவளிடமே கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திரு.

மருந்து செலுத்துகிற ரூம் என்று எழுதியிருக்கிறாயே. அங்கே நீ எப்படிப் போனாய்? இப்போது அங்கேதான் வேலையா?

அன்புடன்,
நாகஜோதி


தாயில்பட்டி
4.8.2024

நாகஜோதிக்கு. நலம், நலமறிய ஆவல்.

மிளகாய் வத்தல் ஒரு கிலோ, கருப்பட்டி ஒரு கிலோ பார்சலில் வருகிறது. கருப்பட்டி என் மகளுக்கு. உனக்கு வத்தல்.

நான் பெற்ற பிள்ளையைப் பற்றி நான் உன்னிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது. நல்லா இரு.

சின்னத்தாய்


தாயில்பட்டி
16.9.2024

நாகஜோதிக்கு, சின்னத்தாய் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். உன் வீட்டில் எல்லாரும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. என் மகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினாய்?

வியாழக்கிழமை நம்ம ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது. மூன்று பேர் போய்விட்டார்கள், பாவம். டிவியில் பார்த்திருப்பாய். எங்கள் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சத்தம் மட்டும் கேட்டது. உடனே வேலையை நிறுத்தி எங்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் எல்லாருடைய போனையும் திருப்பிக் கொடுத்தார். நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? சத்தம் கேட்டால் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு "நல்லாருக்கேன்" என்று சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. கோர்ட்டில் கேஸ் நடக்கிற அண்ணனைக்கூடக் கூப்பிட்டுச் சொன்னாள் குருவம்மாள். என் போனில் சார்ஜ் இல்லை. அதனால் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவள் வந்து வாசலில் நிற்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல். "ஏத்தா, வா, வா, என்ன திடீர்னு" என்று ஓடிப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். திரும்பிப் போய்விட்டாள். பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஊரே பார்த்தது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

பெற்ற தாயிடம் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடக்கூட மனசு வராத அளவுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? பிள்ளை வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடாதே.

சின்னத்தாய்


கோயம்புத்தூர்
20.9.2024

அக்காவுக்கு, நாகஜோதி எழுதுவது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பது வியாழக்கிழமை ராத்திரிதான் எங்களுக்குத் தெரிந்தது. நலம் விசாரிப்பு அதோடு முடிந்தது.

இனி எழுதுவதை வேல்விழியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "ஆஸ்பத்திரிக்குப் போனத மட்டும் எழுதுங்க சித்தி. வேற எதையும் எழுதாதீக" என்றாள். அதை மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் வகுப்பில் இருக்கும்போது யாரோ போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார்கள். புகை மட்டும் தெரிகிற படம். கம்பெனி பெயர் இல்லை, நம்ம ஊர்ப் பெயர் இருந்தது. உன்னைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அடித்தது. கடைசியில் போன் அணைந்துவிட்டது. குருவம்மாளுக்கு லைன் கிடைக்கவில்லை. நான் ஷிஃப்டில் இருந்தேன். எங்களுக்கும் உங்களைப் போலத்தான், சொந்தப் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே சிவகாசிக்கு வந்திருக்கிறாள். நேரே வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். "யாரத் தேடுறம்மா?" என்று கேட்டார்களாம். "எங்கம்மாவ." என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? "வலது கையில எங்கப்பா பேரு பச்ச குத்தியிருக்கும்" என்றாளாம். அடையாளம் தெரியாமல் கிடந்த ஒரு பெண்ணின் மேலிருந்த துணியை ஓரமாக விலக்கிக் கையை மட்டும் காட்டியிருக்கிறார்கள். அதில் பச்சை இல்லை.

"அந்தக் கையில அப்பா பேரு இல்லன்னதும் சந்தோசமா இருந்துச்சு சித்தி. ஒருத்தி செத்துக் கெடக்கா, நான் சந்தோசப்பட்டேன்." இதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். நீ பாட்டுப் போட்டுக்கொண்டு பருப்பு கடைந்துகொண்டிருந்தாயாம். பாட்டு உன் போனில் ஓடியதாம். சார்ஜ் இல்லாத போன் அதுதானா அக்கா?

உன் கடைசி வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். திருடவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறாள் என்பதில் எனக்கு உள்ளுக்குள் இனிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியில் நான் அப்படிச் சிரித்தது அதனால்தான். எனக்குப் பிள்ளை இல்லை. உன்னைப் பார்த்து இத்தனை வருசமாக நான் பட்ட பொறாமையை நீ நாலு மாதமாகத்தான் படுகிறாய்.

நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

நாகஜோதி


தாயில்பட்டி
22.10.2024

நாகுவுக்கு.

கடிதம் கிடைத்தது. தீபாவளி ஆர்டர், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று காரணம் எழுதலாம். அது காரணம் இல்லை.

சார்ஜ் இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது. என்னைச் சுற்றி எல்லாரும் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். என் போனில் வேல்விழி பெயர் வந்தது. இப்போதாவது அம்மா ஞாபகம் வந்ததே, கொஞ்சம் தவிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் எனக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் அணைத்தேன். நீ கூப்பிட்டால்கூட எடுத்திருப்பேன். அவள் கூப்பிட்டதால்தான் எடுக்கவில்லை.

எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா? நான் செய்தேன்.

அவளிடம் இதை நீ சொல்லாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

சின்னத்தாய்


தாயில்பட்டி
10.11.2024

என் கண்ணு வேல்விழிக்கு, அம்மா எழுதுவது. சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? தீபாவளிக்கு நீ வரவில்லை. வீட்டில் நான் பலகாரம் சுடவில்லை.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் உன்னைப் பற்றிச் சித்தியிடம்தான் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது போன் என் கையில் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. சித்தி மேல் இருந்த ஆத்திரம். அதை உன் மேல் காட்டினேன். சார்ஜ் இல்லை என்றது பொய். நீ ஆஸ்பத்திரியில் போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றாலும் செய்தது செய்ததுதான்.

மன்னித்துவிடு என்று சொன்னால் நீ "சரிம்மா, வச்சிரட்டுமா" என்பாய். அது எனக்கு வேண்டாம். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. நான் பாதியில் குறுக்கே வர மாட்டேன், கடிதத்தில் வரவும் முடியாது.

உன்னைத் தவிர யாரும் இல்லாத அம்மா,
சின்னத்தாய்


கோயம்புத்தூர்
24.11.2024

அம்மாவுக்கு, வேல்விழி எழுதுவது. நலமாக இருக்கிறேன். நீ மாத்திரை போடுகிறாயா?

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். சித்தி படிக்கவில்லை, நானே கிழித்துப் போட்டேன். இதில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது.

சித்தியிடம் நான் என்ன பேசுகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா? உன்னைப் பற்றித்தான் அம்மா. வேறு எதுவும் இல்லை. மே மாத லீவில் உன் வேலைச் சேலையை நான்தான் துவைத்தேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்தது. பளபளவென்று அலுமினியப் பொடி அடியில் தங்கியது. பேக்கிங் ரூமில் இருக்கிறவர்கள் சேலையில் அது ஒட்டாது. என் காலேஜ் பீஸுக்காக நீ மருந்து செலுத்தப் போய்விட்டாய், என்னிடம் மறைக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். எந்த ரூமில் வேலை என்று சித்தியைக் கேட்கச் சொன்னது நான்தான்.

நீயே கேட்கக் கூடாதா என்பாய். ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் நீ கம்பெனி வேனுக்குக் கிளம்புகிறாய், நான் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குப் போகாதம்மா, வெடிச்சுரும்" என்றேன். வாயிலேயே அடித்தாய். "வேலைக்குப் போறப்ப என்ன பேச்சு பேசுற? நாக்க அறுத்துருவேன்" என்றாய். நம்ம ஊரில் எல்லா அம்மாவும் அப்படித்தான் அடிப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் எனக்கு அந்தப் பேச்சு உன் முன்னால் வரவே இல்லை. அதை விட்டால் என்ன பேசுவது? சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அதுதான் மிச்சம். வாய் வரைக்கும் வருவதற்குள் போனை வைத்துவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன். சாயந்திரம் கேட்டில் போன் கைக்கு வந்ததும் "நல்லாருக்கேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு. சண்டை என்றாலும் அனுப்பு.

சித்தியோடு பேசுவதை நான் நிறுத்த மாட்டேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் மகள்,
வேல்விழி


தாயில்பட்டி
20.1.2025

அன்புத் தங்கை நாகஜோதிக்கு, அக்கா சின்னத்தாய் எழுதிக்கொண்டது. நலம். நீயும் தம்பியும் நலமா? காதுவலி எப்படி இருக்கிறது?

உன் கேள்விக்குப் பதில் எழுதாமலே இருக்கிறேன். மே மாதத்திலிருந்து மருந்து செலுத்துகிற ரூமில்தான் வேலை. பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டேன். "சீசன்ல நீ இல்லாட்டி எப்பிடிம்மா?" என்று இழுத்தார் போர்மேன். அடுத்த மாதம் மாற்றுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் குறையும், அதை வேல்விழியிடமும் சொல்லிவிட்டேன். தினமும் சாயந்திரம் கேட்டில் நின்று அந்த ஒரு வார்த்தையை அனுப்புகிறேன். ஒரு நாள் உன் மேல் கோபம் வந்து அவளிடம் கத்திவிட்டேன். அன்றைக்கும் அனுப்பினேன்.

பொங்கலுக்கு வந்திருந்தாள். முதல் நாள் பழையபடி சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. இரண்டாம் நாள் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்படியிலிருந்து "ஏட்டி!" என்று கத்த வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். எழுந்து போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் கையில் இருந்ததைக் கீழே வைக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கஷ்டம்தான். மருந்து ரூமில் வருகிற பொறுமை வீட்டில் எனக்கு வந்ததே கிடையாது.

வைத்தாள். என்னைப் பார்த்தாள். "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல தாயி, நீ சொல்லு" என்றேன். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். நடுவில் நாலு இடத்தில் எனக்குத் திட்ட வந்தது. ஒரு இடத்தில் அழுகை வந்தது. அவள் முடிக்கிற வரைக்கும் இருந்தேன். முடித்துவிட்டு, "இது சித்திக்குக்கூடத் தெரியாதும்மா" என்றாள்.

என்ன விஷயம் என்று கேட்பாய். போனில் கேட்டால் நைசாகப் பேசி வாங்கிவிடுவாய், அதனால்தான் மறுபடி கடிதம் போடுகிறேன். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, அதை மட்டும் நம்பு. மற்றதை அவளிடமே கேள்.

வயிறு எரிந்தால் மோர் குடி.

இப்படிக்கு, இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே ஒட்டுகிற அக்கா,
சின்னத்தாய்